மேட்டுக்கு நன்னீர், பள்ளத்துக்குக் குப்பையா?

(வட மாகாணக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வாசிகசாலையின் முன்றிலிலே கூடியிருக்கும் உங்களை நாம் ஒருமுறை நோக்குகிறோம். ஒரு புறத்திலே வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் விளைவித்து ஊருக்குச் சோறிடும் கமக்காரர்கள். மறுபுறத்திலே விடுமுறைக்கு ஊர் திரும்பியிருக்கும் பொறியியலாளர், வைத்தியர், சட்டத்தரணிகள், ஆசிரியர், இலிகிதர். இவ்விரு சாராரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவையிலே கொழும்பு மாநகரின் ஏழைகளைப் பற்றிப் பேச வேண்டுமென நாம் விழைந்தபோது, நண்பரொருவர் எம்மைத் தடுத்து வினவினார்: கிணறும் வயலும் உள்ள ஊரிலே கொழும்புச் சேரியைப் பற்றிப் பேசி ஆவதென்ன?

ஆவது உண்டு என்பதே எம் விடை. நீங்கள் கட்டியனுப்பும் வெங்காய மூட்டை கொழும்பை அடைகிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் பெயர்ந்த மொத்தச் சந்தையில் அம்மூட்டையை முதுகிலே சுமந்து இறக்கும் நாட்டாமைத் தொழிலாளி இரவில் எங்கே படுத்துறங்குகிறான்? உங்கள் பிள்ளை வேலை பார்க்கும் காரியாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண் விடியற்காலையில் எந்தக் குழாயடியில் நீருக்கு நிற்கிறாள்? கொழும்பின் மாடிகளுக்குப் படம் வரைவோரும், அங்குள்ள நிலங்களுக்கு உறுதி எழுதுவோரும், அங்குள்ள நோய்களைத் தீர்ப்போரும் இவ்வவையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆகவே கொழும்பு எமக்கு அயலூர் அன்று.

கமக்காரர் அனைவரும் நன்கறிந்த விதியொன்று உண்டு. நீர் பள்ளத்தையே நாடும். மேட்டு நிலத்துக்கு நீரேற்ற வேண்டுமாயின் அன்று துலா மிதித்தோம். இன்று இயந்திரத்தால் இறைக்கிறோம். எவரேனும் முயன்றாலன்றி நீர் மேடேறாது. கொழும்பிலே நன்னீர் மேட்டுக்கு ஏறிவிடுகிறது. கழிவு நீரும் குப்பையும் வெள்ளமும் பள்ளத்துக்கு இறங்குகின்றன. நன்னீரை மேட்டுக்கு ஏற்றிய கை எது? குப்பையைப் பள்ளத்துக்குத் திருப்பிய கை எது? இது இயற்கையின் செயலா, அன்றி மனிதரின் தீர்மானமா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

இரண்டும் தோட்டங்களே!

அண்மையில் ஒருநாட் காலையிலே நாம் கறுவாத்தோட்டத்தில் தொடங்கி வடக்கு நோக்கி நடந்தோம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாப்பட்டைக்காக வளர்க்கப்பட்ட அந்தத் தோட்டமே இன்று ‘கொழும்பு ஏழு’ எனப்படுகிறது. நிழல் மரங்கள் கவிந்த வீதிகள், உயர்ந்த மதில்கள், மதிலுக்கு அப்பால் பசும்புற்றரை, நடுவிலே பெரும் பூங்கா. அங்கே ஒரு பேர்ச் நிலம் கோடி ரூபாவைக் கடந்து விலைபோகிறது. எமது கணக்கிலே பரப்பு ஒன்றுக்குப் பத்துப் பேர்ச். ஆகவே அங்கு ஒரு பரப்பின் விலையைக் கமக்காரர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் கண்ணாற் காணமாட்டார்.

மருதானையைக் கடந்து, மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், புளூமெண்டால் வழியாக முகத்துவாரத்தை அடைந்தோம். இரண்டு மணி நேர நடைதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் வேறொரு தேசத்துக்குச் சென்றவர் போலானோம். ஒழுங்கையிலே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றே மற்றவருக்கு வழிவிட வேண்டும். ஒரு சுவரின் இரு பக்கங்களிலும் முதுகோடு முதுகாக ஒட்டிய வீடுகள். வீடென்று சொல்வது மரியாதைக்காகவே. உண்மையில் அவை ஓரறைகள். அந்த ஓரறையே சமையற்கூடம், பள்ளிப் பிள்ளையின் படிப்பறை, இரவில் முழுக் குடும்பத்தின் படுக்கை. பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு குழாய், பொதுவாக ஒரு மலகூடம். இவ்வளவுக்கும் அந்த இடங்களுக்குக் கொழும்பு மக்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? சிங்களத்திலே ‘வத்தை’, தமிழிலே ‘தோட்டம்’! கறுவாத்தோட்டமும் தோட்டம், இதுவும் தோட்டம்! பெயரில் வேற்றுமையில்லை. வாழ்வில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

கொழும்பு வளரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம். நகர் பரந்து விரிந்து நிற்கும் மேல் மாகாணத்தில் வாழ்ந்தோர் 58 இலட்சத்துக்கும் மேல். கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் எழுந்துள்ளது. 350 மீட்டர் உயரத் தாமரைக் கோபுரம் 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கோபுரத்தின் உச்சியிலிருந்து நோக்குவோருக்கு நகர் முழுவதும் தெரியும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் வாழும் மனிதர்தாம் தெரியமாட்டார்.

பள்ளம் எவ்வாறு பள்ளமாயிற்று?

வடகொழும்பு ஆதியிலேயே ஏழைகளின் ஒதுக்கிடமாக இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே செல்வந்தரின் மாளிகைகள் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும்தாம் விளங்கின. கடற்காற்றும் களனி கங்கையின் எழிலும் அவர்களை அங்கே ஈர்த்தன. பின்னர் நேர்ந்ததென்ன? 1875இல் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் தென்மேற்கு அலைதடுப்பு நிறைவெய்தியது. கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏற்றுமதியாகக் கொழும்பு பெருந்துறைமுகமாயிற்று. பண்டசாலைகள் எழுந்தன, நிலக்கரித் தூசி பறந்தது, கூலிக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். செல்வந்தர் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளிலே வரிசை வரிசையாக அறைகள் கட்டப்பட்டுத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்பட்டன. மாளிகையின் வளவு ‘தோட்டம்’ ஆன கதை இதுவே.

அத்தொழிலாளருள் நம் இனத்தவர் பலர். நகரின் வீதிகளைக் கூட்டவும் கழிவுகளை அகற்றவும் தென்னிந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட குடும்பங்கள், நகர சபையின் லயன்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. நகரைத் தூய்மை செய்தவர்களே நகரில் மிகத் தூய்மையற்ற மூலையிலே குடியிருத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பலரை நாடற்றவராக்கியபின், கேட்பதற்கு ஒரு வாக்குச் சீட்டும் அவர்கள் கையில் இல்லாதொழிந்தது.

கொழும்பு மாநகர சபை 1865இல் தோன்றியது. மலையடிவாரத்து லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து 1886இல் குழாய் நீர் வந்தது. ஆயினும் ஏழைகளின் வீட்டைப் பற்றி ஆட்சியாளர் எப்போது சிந்தித்தனர்? 1914இல் பிளேக் நோய் கொழும்பிலே புகுந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1915இல், வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது! நோய் பள்ளத்தில் நிற்கும் வரை அது பள்ளத்தின் விதி. மேடேறும் என்ற அச்சம் பிறந்தவுடன் அது நாட்டின் பிரச்சினை. நூறாண்டு கழித்து 2020இலும் இதையே கண்டோம். முகத்துவாரம், மட்டக்குளி முதலிய வடகொழும்புப் பகுதிகள் கொரோனாத் தொற்றினால் அடைக்கப்பட்டபோது, ‘வீட்டினுள் ஒருவருக்கொருவர் விலகியிருங்கள்’ என்று அறிவுரை கூறப்பட்டது. எழுவர் வாழும் ஓரறையிலே எவர் எவரிடமிருந்து விலகுவது?

நகரத் திட்ட அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கு ஒரு திட்டம் வகுத்தார். அவரே 1915இல் தஞ்சாவூரையும் மதுரையையும் நேரிற் பார்வையிட்டு அறிக்கை எழுதியவர். நெருக்கமான குடியிருப்பை இடித்துத் தள்ளி அகல வீதி வெட்டுவதை அவர் வன்மையாக எதிர்த்தார். இடியும் நிலையிலுள்ள சில வீடுகளை மட்டும் நீக்கிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிசெய்து, மக்களை அவர்கள் வாழும் இடத்திலேயே வாழவிட வேண்டும் என்பதே அவர் கொள்கை. உடலை அறுத்தாலும் உயிரைக் காப்பாற்றும் வைத்தியனின் முறை அது. அவருக்குப் பின் 1948இல் பற்றிக் அபர்க்குறொம்பி வந்தார். திட்டங்கள் பல வந்தன. பூங்காவும் நிழல் வீதியும் தெற்கே தங்கின.

இரண்டு பேர்ச் நிலத்தின் மாண்பு

ஆட்சியாளர் எக்காலத்திலும் எதனையும் செய்யவில்லை என்று கூறுவது நீதியாகாது. உள்ளதை உள்ளவாறு கூறுவோம். 1973ஆம் ஆண்டின் முதலாம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு வரம்பு கட்டியது. தலைமுறைகளாக வாடகை செலுத்திவந்த பலர் தம் வீட்டுக்குத் தாமே உரியவராயினர். 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் மற்றுமொரு பாடத்தைப் புகட்டியது. அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்க முற்படவில்லை. நிலத்தைப் பகிர்ந்தளித்து, சிறு கடனும் யோசனையும் வழங்கி, குழாயும் வடிகாலும் அமைத்து, வீட்டைக் கட்டும் பொறுப்பைக் குடும்பத்திடமே விட்டது. ஒழுங்கை எவ்வழியிற் செல்ல வேண்டும், மலகூடம் எங்கே அமைய வேண்டும் என்பவற்றைக் குடியிருப்பாளர் கூடியிருந்து தீர்மானித்தனர்.

ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் கிடைத்த நிலம் இரண்டு பேர்ச். கமக்காரர்களே, உங்கள் கணக்கில் அது ஒரு பரப்பின் ஐந்தில் ஒரு கூறு. ஒரு மாட்டுக் கொட்டிலுக்கும் போதாது என்பீர்கள். ஆயினும் அந்த இரண்டு பேர்ச் தமக்குரியது என்ற உறுதி பிறந்தவுடன் பலகைச் சுவர் கல்லாயிற்று, தகரம் ஓடாயிற்று, சில ஆண்டுகளில் மேல் மாடியும் எழுந்தது. நாளை வந்து இடிப்பார்கள் என்று அஞ்சுபவன் சுவருக்குச் சுண்ணாம்பும் பூசமாட்டான். இது தன்னிலம், இங்கேயே என் பேரப்பிள்ளையும் வாழ்வான் என்று நம்புபவன் பட்டினி கிடந்தாயினும் கல் அடுக்குவான். நிலத்தை அறிந்த உங்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

900 ஏக்கர் கணக்கு

இந்தப் பாடம் மறக்கப்பட்டது. யுத்தம் முடிந்த மறுவருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2015 வரை அவ்வாறே இருந்தது. வீடமைப்பு வேலைக்கும் படைக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர் சிலரே. அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெருவில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் பெருந்திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. கொழும்பின் குறைந்த வசதிக் குடியிருப்புகளில் வாழும் ஏறத்தாழ 68 ஆயிரம் குடும்பங்களை அடுக்குமாடிகளில் ஏற்றுவது. அவர்கள் வாழ்ந்த ஏறத்தாழ 900 ஏக்கரை விடுவித்து முதலீட்டாளருக்கு வழங்குவது. அந்நிலத்தின் வருவாயைக் கொண்டே மாடிகளைக் கட்டுவது.

இக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 900 ஏக்கர் என்பது ஒரு இலட்சத்து 44 ஆயிரம் பேர்ச். 68 ஆயிரம் குடும்பங்களுக்கு அதனைப் பங்கிட்டால், ஒழுங்கையும் குழாயடியும் உட்பட, ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்சுக்குச் சற்று அதிகமாகவே வரும். மாநகரின் முழு நிலத்திலும் இந்த 900 ஏக்கர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தனை குடும்பங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நிலத்தில் அடங்கி வாழ்கின்றன. நகரின் நிலத்தை வீணாக்குவோர் என்று பழிக்கப்பட்டவர் இவர்களே! இரண்டு பேர்ச்சில் ஒரு குடும்பம் வாழ்வது வீணா? அன்றி அரை ஏக்கர் புற்றரையில் ஒரு குடும்பம் உலாவுவது வீணா? மாநகரில் நிலத்தை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்துவோர் ஏழைகள் அன்றோ?

இனி மற்றொரு கணக்கு. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் மாளிகாவத்தையிலும் எழுந்த மாடிகளிலே ஆரம்பத்தில் வழங்கப்பட்ட வீடுகளின் பரப்பு 400 சதுர அடி அளவினது. அஃதாவது ஒன்றரைப் பேர்ச் நிலமும் அன்று. அதற்கும் பத்து இலட்சம் ரூபாவை அண்மித்த தொகையை 20, 30 ஆண்டுத் தவணைகளிலே கட்டுமாறு பல குடும்பங்களிடம் கேட்கப்பட்டது. அவர்களின் நிலம் மாடியின் செலவை ஈடுசெய்யும் என்றார்கள். பின்னர் அவர்களிடமே மாடிக்குப் பணமும் கேட்டார்கள். நிலத்தையும் கொடுத்து விலையையும் கொடுக்கும் வியாபாரத்தை எந்தச் சந்தையிலேனும் கண்டதுண்டா? குடியேறி ஆண்டுகள் கழிந்தும் உறுதிப் பத்திரம் கைக்கு வராமற் காத்திருந்த குடும்பங்கள் பல. கொம்பனித்தெருவின் ஜாவா ஒழுங்கையிலோ, செல்லுபடியாகும் உறுதி வைத்திருந்தோரும் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது.

நாம் சென்ற ஒழுங்கையொன்றில் இடியப்பம் அவித்து விற்கும் முதிய தாயொருவர் எம்மை அழைத்து ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, என்னைப் பத்தாம் மாடியில் ஏற்றிவிட்டால் என் இடியப்பத் தட்டை யார் தேடி வருவார்கள்?” கற்றறிந்த எமக்கு அதற்கு விடை கூறத் தெரியவில்லை. ஒழுங்கையின் வாசற்படி அவருக்குக் கடை. அயலார் அவருக்குக் காவல். மாதக் கடைசியிலே அரிசியைக் கடனாகக் கொடுக்கும் மூலைக்கடை அவருக்கு வங்கி. மாடியின் படத்திலே மின்தூக்கியும் மலகூடமும் உண்டு. இவை மூன்றும் இல்லை. மலகூடம் வேண்டாம் என்று அத்தாய் கூறவில்லை. மழையில் ஒழுகாத கூரையும் மகளுக்குக் கதவுள்ள குளியலறையும் வேண்டுமென்றே அவர் ஏங்குகிறார். மாடியேறியதால் வெள்ளத்திலிருந்தும் எலியிலிருந்தும் தப்பி மகிழ்ந்த குடும்பங்களும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எம் வழக்கு மாடிக்கு எதிரானதன்று. கேளாமல் ஏற்றுவதற்கே எதிரானது.

குப்பை மலை சரிந்த நாள்

நன்னீரைப் பற்றிக் கூறினோம். இனிக் குப்பையைப் பற்றிக் கேளுங்கள். கொழும்பின் குப்பை நெடுங்காலமாக வடகொழும்பின் புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. 2009இல் நீதிமன்றக் கட்டளையினால் அம்மேடு மூடப்பட்டது. அதன்பின் குப்பை எங்கே போயிற்று? கறுவாத்தோட்டத்துக்கா? இல்லை. மாநகர எல்லைக்கு அப்பால், கொலன்னாவையைச் சேர்ந்த மீதொட்டமுல்லைக்குப் பெருமளவிலே போயிற்று. அங்குள்ளோர் கொழும்பு மாநகர சபைக்கு வாக்களிப்போர் அல்லர். ஆகவே அவர்களின் மூக்கு எவருடைய தேர்தலையும் பாதிக்காது! அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர், வீதியில் இறங்கினர், வழக்காடினர். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, குப்பை மலை சரிந்தது. வீடுகள் புதையுண்டன, 32 உயிர்கள் பலியாயின. பாற்சோறு பொங்கிய அடுப்பின்மேல் நகரத்தின் எச்சில் வந்து விழுந்தது.

பின்னர் குப்பையை மேலும் தொலைவிலே புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்கு அனுப்பினர். அங்குள்ள மக்களும் தம் மண்ணுக்காகக் குரலெழுப்பினர். இவ்வரலாற்றின் பொருள் என்ன? குப்பைக்கு வழி காணப்படவில்லை. குப்பைக்கு வாயில்லாத ஊர் காணப்பட்டது.

வெள்ளமும் அவ்வாறே. நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் மழைநீரை உறிஞ்சும் கடற்பஞ்சு போன்றவை. அவற்றின் சிறப்புக்காகவே 2018இல் கொழும்பு ‘ஈரநில நகரம்’ என்ற சர்வதேச மதிப்பைப் பெற்றது. ஆனால் ஆண்டாண்டாக அச்சதுப்புகள் தூர்க்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. தாழ்ந்த நிலத்தில் ஏழை ஏன் குடியேறினான் என்று கேட்போர் உண்டு. உயர்ந்த நிலத்தை அவனுக்கு விற்றவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

‘அத்துமீறிக் குடியேறியவர்களுக்கு உரிமை ஏது?’ என்று கற்றோர் சிலரும் வினவுகின்றனர். 1979ஆம் ஆண்டின் அரச காணி மீட்புச் சட்டத்தைக் காட்டுகின்றனர். ஐயா, அவர்களுட் பலர் நகர வரி செலுத்தியவர்; மின்சாரக் கட்டணம் கட்டியவர்; அந்த விலாசத்திலேயே வாக்காளராய்ப் பதியப்பட்டவர். வரி வாங்கும்போது குடிமகன். நிலம் தேவைப்படும்போது அத்துமீறியவனா? எமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவும் உடையும் வீடும் உள்ள வாழ்க்கைத் தரத்தை மக்களுக்கு ஈட்டித்தருதல் அரசின் நோக்கமென்று கூறுகிறது. அடுத்து வரும் 29ஆம் உறுப்புரையோ, அதனை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாதென்று கூறிவிடுகிறது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தாயிற்று. 2001இல் மீள்குடியேற்றத்துக்கென ஒரு தேசியக் கொள்கை ஏற்கப்பட்டது. இடம்பெயர்வதைத் தவிர்க்க முயல வேண்டும், தவிர்க்க முடியாதாயின் மக்களோடு கலந்துபேசி முழு ஈடு வழங்க வேண்டும் என்பதே அதன் சாரம். கொள்கை ஏட்டிலே இருக்கிறது. இயந்திரம் ஒழுங்கையிலே நிற்கிறது.

எம் முற்றத்தையும் பார்ப்போம்

இதுவரை கேட்டவர்கள், ‘இது கொழும்பின் குற்றம்; எமக்கென்ன?’ என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். எந்த ஓரினமும் பாதியை எட்டாத நகரம் கொழும்பு. அதன் தோட்டங்களிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் ஒரே குழாயடியில் நிற்கின்றனர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மாடி வீடு வாங்கும் நம்மவர், கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலே வாழும் நம்மவரை உறவென்று கருதுகிறோமா? அவர்களின் பேச்சை நகையாடாதவர் எம்முள் எத்தனை பேர்? நம்மவருக்குள்ளும் இரு கொழும்பு இருப்பதை நாம் மறைக்கலாகாது.

இன்னும் அருகே வருவோம். யாழ்ப்பாண மாநகரின் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? மாநகர எல்லைக்கு வெளியே, கல்லுண்டாய் வெளியிலே! அங்கும் அயலிலே குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கும் புகையையும் நாற்றத்தையும் பற்றிய முறைப்பாடு ஓயவில்லை. மீதொட்டமுல்லையின் பாடத்தை நாம் கற்றோமா, அன்றி அதன் சிறு பிரதியை வரைந்துகொண்டிருக்கிறோமா? எம் ஊர்களிலே மாரியில் நீர் நிற்கும் பள்ளக் காணியில் குடியிருப்போர் யார்? மேட்டு நிலமும் நல்ல தண்ணீர்க் கிணறும் யாரிடம் உள்ளன? சாதியின் பெயரால் எம் முன்னோர் வகுத்த மேடு பள்ளத்தைச் சமப்படுத்தாமல், கொழும்பின் மேடு பள்ளத்தைப் பழிக்க எமக்கு வாயுண்டா? இதனைக் கூறுவதால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகலாம். உண்மையை உறவினரிடம் கூறாமல் வேறு யாரிடம் கூறுவது?

நாம் செய்யக்கூடியவை

சோர்வடைய வேண்டியதில்லை. 1984இல் தொடங்கிய திட்டமே, இந்நாட்டிலேயே, எம் கண்முன்னே, வேறு வழி உண்டு என்று மெய்ப்பித்தது. அவ்வழியை மூன்று சொற்களில் அடக்கலாம்: கேள், கொடு, விடு. திட்டத்துக்கு முன்னர் மக்களைக் கேள். அவர்கள் வாழும் நிலத்துக்கு உறுதியைக் கொடு. வேலைக்கும் பள்ளிக்கும் அருகே அவர்களை வாழவிடு. இடம் மாற்றியே தீர வேண்டிய ஆற்றங்கரையிலும் சதுப்பிலும், அயலிலேயே மாற்று நிலம் கொடு.

பொறியியலாளர்களே! மாடியின் படத்தில் கையொப்பமிடுமுன், அதில் வாழப்போகும் ஒரு குடும்பத்தோடாயினும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசுங்கள். சட்டத்தரணிகளே! வெளியேற்றக் கடிதத்தை ஏந்தியபடி எழுத்தறியாத தாயொருத்தி வந்து நின்றால், 2001ஆம் ஆண்டுக் கொள்கையை அவளுக்கு அவள் மொழியிலே விளக்குங்கள். கடிதம் தமிழில் வரவில்லையாயின், தமிழில் தருமாறு கேட்பதற்கு அவளுக்குள்ள உரிமையையும் சொல்லுங்கள். வைத்தியர்களே! காசமும் டெங்குவும் எந்த ஒழுங்கையிலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதை அறிந்தவர் நீங்கள். மருந்துச் சீட்டோடு நின்றுவிடாமல், வடிகாலைப் பற்றியும் எழுதுங்கள். நோய்க்கு விலாசம் உண்டு என்பதை நாடறியச் செய்யுங்கள்.

கமக்காரர்களே! நீங்கள் செய்யக்கூடியது சிறிதன்று. ஒரு மனிதனுக்குக் காலடி நிலம் என்ன பொருள் தரும் என்பதை இந்த நாட்டிலே உங்களைவிட அறிந்தவர் இல்லை. யுத்தகாலத்தில் நிலத்தையும் கிணற்றையும் இழந்து, திரும்பி வருவதற்காகப் பல்லாண்டு காத்திருந்த ஊர்கள் எங்கள் ஊர்கள். அந்த வேதனையை அறிந்த வாய், கொழும்பின் ஒழுங்கையில் இருந்து தூக்கியெறியப்படுபவனைப் பார்த்து, ‘அவன் யாரோ’ என்று சொல்லலாகாது. அவன் சிங்களவனாயினும் முஸ்லிமாயினும் நம்மவனாயினும், இழந்தது நிலமே. உங்கள் ஊர்ப் பிரதேச சபையிலே குப்பைக்கும் வடிகாலுக்கும் இடம் தேடும்போது, வாயில்லாதவனின் வேலியோரத்தைத் தேடாதீர்கள் என்று எழுந்து நின்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் கொழும்பிலே சொல்லப்படாமையால் 32 உயிர்கள் போயின.

ஒரு நகரத்தின் பெருமையை அதன் கோபுரத்தின் உயரத்தைக் கொண்டு அளப்பவர் அளக்கட்டும். நாம் அதன் கடைசி ஒழுங்கையின் கடைசிக் குழாயைத் திறந்து பார்ப்போம். அதில் நீர் வருகிறதா? அந்நீரைப் பிடிப்பவள் நாளையும் அங்கேயே இருப்பேன் என்று நம்புகிறாளா? இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை வரும் நாளே அந்நகரம் வளர்ந்த நாள். நன்னீரை மேட்டுக்கு ஏற்றியது மனிதர் கையே. ஆகவே அதனைப் பள்ளத்துக்குப் பாய்ச்சவும் மனிதர் கையால் முடியும். வாய்க்காலைத் திருப்பத் தெரிந்த கமக்காரரும், குழாயைப் பொருத்தத் தெரிந்த கற்றோரும் ஒரே முன்றிலிலே இன்று கூடியிருக்கிறோம். இனிப் பழியை இயற்கையின்மேற் போட்டுவிட்டு எழுந்து செல்ல எம்மால் இயலாது.